பழவேற்காடு எல்லைக் கரையில் பங்குனி ஆமை: முட்டையை எடுக்கலாமா, விடலாமா?

தடாக்கரை:

வணக்கம். பழவேற்காட்டுக்கும் தடாவுக்கும் இடைப்பட்ட ஊர்ப் பசங்க பத்துப் பன்னிரண்டு பேர், முட்டையிட வரும் பங்குனி ஆமையை (ஆலிவ் ரிட்லி கடலாமை) காக்க, தை பிறந்ததிலிருந்து ராத்திரியில் கரை நடக்கலாம் என்று இருக்கிறோம். பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. கரையும் அப்படித்தான், கொஞ்சம் இந்த மாநிலம், கொஞ்சம் அந்த மாநிலம். மூன்று சந்தேகம்.

ஆமை முட்டை வைத்த இடத்தை விடிவதற்குள் நாய் தோண்டிவிடுகிறது. முட்டையை எடுத்து வேலிக்குள் புதைத்தால் போதுமா? பக்கத்துக் குப்பத்தில் அப்படி மாற்றி வைத்த 4 கூட்டில் பாதி முட்டை பொரியவே இல்லை. உடைத்துப் பார்த்ததில் சிலதில் வெறும் மஞ்சள், சிலதில் முழுசாக வளர்ந்த குஞ்சு செத்துக் கிடந்ததாம். என்ன தப்பு நடந்திருக்கும்?

அடுத்தது, தெருவிளக்கு. எது போடலாம், எது கூடாது?

கடைசியாக, செத்து ஒதுங்கும் ஆமைகள். இந்தப் பக்கம் ஆந்திரா மீன்பிடி போட்டுதான் காரணம் என்கிறார்கள், அந்தப் பக்கம் தமிழ்நாட்டு போட்டு என்கிறார்கள். யார் சொல்வது சரி?

ஈரமணல்:

நீங்கள் சொன்ன ரெண்டு அடையாளமும் ரெண்டு வெவ்வேறு தப்பு. பிரித்துப் பார்க்க வேண்டும்.

வெறும் மஞ்சள் என்றால் ஒன்று கருக்கூடாத முட்டை, இல்லையென்றால் ஆரம்பத்திலேயே செத்த கரு. வெறும் கண்ணால் ரெண்டையும் பிரிப்பது கஷ்டம். ஒரே கூட்டில் பத்து இருபது அப்படி இருந்தால் மாற்றிய விதத்தில்தான் கோளாறு. முட்டை இட்ட சில மணி நேரத்தில் கரு மேலே மிதந்து வந்து ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஓட்டின் மேல்புறம் வெள்ளைத் திட்டு ஒன்று தெரிய ஆரம்பிப்பது அதனால்தான். ஒட்டிய பிறகு முட்டையைப் புரட்டினால் அந்தச் சவ்வு கிழிந்து கரு செத்துவிடும். கோழி முட்டையைப் புரட்டி வைக்கிற பழக்கத்தில் கை வைத்தால் தீர்ந்தது. முட்டை இட்டு 6 மணி நேரத்துக்குள் புதுக் குழியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முதல் ரெண்டு வாரம்தான் ஆட்டினால் அதிகம் சாகிற காலம். விடிந்து வெயில் ஏறிய பிறகு கண்ட கூட்டைத் தயவுசெய்து தோண்டாதீர்கள். அங்கேயே விட்டு மேலே வலை போடுங்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

முழுக் குஞ்சு செத்துக் கிடந்தால் அது கடைசி இரண்டு வாரத்துச் சாவு. பெரும்பாலும் சூடு, இல்லையென்றால் மூச்சு. நூறு முட்டை ஒரே இடத்தில் வளரும்போது கூட்டுக்குள் சொந்தச் சூடே உண்டாகும். கடைசி மூன்றில் ஒரு பங்கு காலத்தில் கூடு சுற்றியுள்ள மணலைவிடச் சூடாக இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் மணலே கொதிக்கிறது, அதோடு இதுவும் சேர்ந்தால் 34 டிகிரியைத் தாண்டி குஞ்சு வெந்துபோகும். ஒரு கூட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு மீட்டராவது விடாமல் நெருக்கி வைத்தாலும் இதேதான். குழியை மூடி மேலே ஏறி மிதிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மண் இறுகினால் காற்றும் போகாது, குஞ்சும் மேலே ஏறி வராது.

எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இப்படி. முட்டை இட்டு ஆமை கடலுக்குத் திரும்பும் வரை பக்கத்தில் போகாதீர்கள், வெளிச்சமும் காட்டாதீர்கள். பிறகு கம்பியால் குத்திப் பார்க்காமல் கையால் மணலை விலக்குங்கள். குத்துகிற கம்பியில் உடைகிற நாலு முட்டை அழுகி மீதியையும் கெடுக்கும். வாளியின் அடியில் அந்தக் கூட்டு ஈரமணலையே போட்டு, முட்டையை எடுத்த நிலையிலேயே, மேல்பக்கம் மேலாகவே வைத்து, எண்ணி அடுக்குங்கள். கழுவக் கூடாது. பங்குனி ஆமை பெரும்பாலும் 100 முதல் 120 வரை இடும். பைக்கில் குலுக்கிக் கொண்டு போவதை விட நடந்து தூக்கிப் போவது மேல். புதுக் குழி 45 சென்டிமீட்டர் ஆழம், வாய் ஒரு சாண், அடி அதைவிட அகலம், பானை மாதிரி. ஆமை பின்துடுப்பால் தோண்டுவதே அந்த வடிவம்தான். முட்டை மேல் முதலில் ஈரமணல், அதற்கு மேல் காய்ந்த மணல், உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். மேலே தேதி, முட்டை எண்ணிக்கை, எடுத்த இடம் எழுதின பலகை.

வேலிக்குள் வைக்கும் இடம் அலை ஏறாத மேட்டில், சுத்த மணலாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் வருஷா வருஷம் வைத்தால் பழைய ஓடும் அழுகலும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். இடத்தை மாற்றுங்கள், முடியாவிட்டால் முக்கால் மீட்டர் ஆழத்துக்குப் பழைய மணலை அள்ளிப் புது மணல் போடுங்கள். பங்குனி பிறந்ததும் தென்னங்கீற்றால் அரை நிழல். முழு நிழலும் வேண்டாம். ஏனென்றால் ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணல் சூடுதான் முடிவு பண்ணுகிறது. ஏறக்குறைய 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண், கீழே ஆண். கூடாரம் கட்டிக் குளிரவைத்தால் எல்லாம் ஆணாகும், திறந்து விட்டால் எல்லாம் பெண்ணாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே முட்டை மாற்றுவதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன்.

அதற்கு முன் செய்ய வேண்டியது: கூட்டின் மேல் ஒரு மீட்டர் சதுரத்துக்கு இரும்புக் கம்பி வலை, நாலு மூலையிலும் அரை மீட்டர் ஆணி, வலையின் ஓரம் மணலுக்கு அடியில். கண்ணி 8 முதல் 10 சென்டிமீட்டர். குஞ்சு அதற்குள்ளேயே நுழைந்து வெளியே வரும், நாய்க்கும் நரிக்கும் தலை நுழையாது. கோழி வலை போட்டால் குஞ்சு உள்ளேயே மாட்டிச் சாகும்.

வனக்காவல்_ஓய்வு:

ஈரமணல் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. இந்தியக் கடலில் வரும் 5 வகை ஆமையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முட்டையும் அதில் அடக்கம். அனுமதி இல்லாமல் முட்டையை எடுத்தால், நல்ல எண்ணத்தில் எடுத்தாலும், குற்றம் குற்றம்தான். தண்டனை 3 முதல் 7 வருஷம், அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். பக்கத்துக் குப்பத்துக்காரர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

எந்த மாநிலம் என்ற குழப்பம் வேண்டாம். சட்டம் மத்திய அரசுச் சட்டம், ரெண்டு பக்கமும் ஒன்றுதான். அனுமதிக்கு மனு வாங்குபவர்தான் மாறுவார். கரை எந்த மாவட்டமோ அந்த வனச்சரகர். ரெண்டு சரகத்திலும் மார்கழியிலேயே மனு கொடுத்து, நடப்பவர்கள் பெயர்ப் பட்டியலும் ஆதார் நகலும் கொடுத்து வையுங்கள். ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துக் கரை விண்வெளி மையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அங்கே ராத்திரியில் டார்ச்சோடு போனால் ஆமைக்கு முன்னால் உங்களைப் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, ஆமை முட்டை வைக்கும் கரையைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியில் முதல் பிரிவில் வைத்திருக்கிறார்கள். கரையில் புதிதாக ஏதாவது கட்ட வந்தால் உங்கள் கூட்டுப் பதிவேடுதான் சாட்சி. அதனால் ஒவ்வொரு கூட்டுக்கும் ஜி.பி.எஸ். புள்ளி எடுங்கள்.

மடிமேஸ்திரி:

முட்டை பற்றி இவ்வளவு பேசியாச்சு. ஆமை சாவது கரையில் இல்லைங்க, தண்ணியில். முட்டையிட வருகிற பெரிய ஆமை ஒன்று ஆளாகப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் அந்த வயசுக்கு வரும் என்பார்கள். அப்படி வந்ததை ஒரு மடியில் (விசைப்படகு இழுத்துப் போகும் பை வலை) கொல்வது, நீங்கள் ஒரு சீசன் முழுக்கக் காத்த கூடுகளைக் கொல்வதற்குச் சமம்.

இழுவை மடிக்குள் போன ஆமை மீனுக்குள் மாட்டிச் சாவதில்லை, மூச்சு முட்டிச் சாகிறது. சும்மா தூங்கும் ஆமை தண்ணிக்கடியில் ரொம்ப நேரம் தம் பிடிக்கும். வலையில் உதறிக்கொண்டிருக்கிற ஆமைக்கு அந்தத் தம் சீக்கிரம் தீர்ந்துபோகும். இழுப்பு அரை மணிக்குள் இருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். ஒரு மணியைத் தாண்டினால் சாவு மளமளவென்று ஏறும். இங்கே ஒரு இழுப்பு ரெண்டு மணி, மூணு மணி. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரை தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அது மீனுக்கு வைத்த காலம். பங்குனி ஆமை கரைக்குப் பக்கத்தில் கூடிச் சேர்வது டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை. ஆமை சாகும்போது தடை இல்லை, தடை வரும்போது ஆமை கிளம்பிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் விசைப்படகு 5 கடல் மைலுக்குள், அதாவது 9 கிலோமீட்டர் சொச்சத்துக்குள், இழுக்கக் கூடாது என்று 1983 சட்டம் இருக்கிறது. அதை மட்டும் ஜனவரியில் ஒழுங்காக நடத்தினாலே பாதிச் சாவு குறையும் என்பது என் எண்ணம். 2025 ஜனவரியில் சென்னை, திருவள்ளூர்க் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கினதை எல்லாரும் பார்த்தோம்.

அடுத்தது டெட். அதாவது மடியில் வைக்கும் ஆமை விலக்கி. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் மடிக்குத் தகுந்தாற்போல ஒன்று செய்திருக்கிறது. முட்டை வடிவ இரும்புச் சட்டம், ஒரு மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம், 10 மில்லி துருப்பிடிக்காத கம்பி. உள்ளே நெடுக்காக 5 கம்பி, நடு இடைவெளி 142 மில்லிமீட்டர். இதை மடியின் கழுத்தில், மீன் சேரும் வால்பைக்கு முன்னால், சுமார் 45 டிகிரி சாய்த்துக் கட்டணும். இறாலும் மீனும் கம்பிக்கு நடுவில் பின்னால் போய்விடும். ஆமை முட்டி, சாய்வில் மேலே வழுக்கி, மேல்பக்கம் வெட்டின வாயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும்.

எங்கே கெடுகிறது என்று கேட்டால் எல்லாம் கட்டுகிற கையில்தான். சாய்வு குறைந்து சட்டம் நிமிர்ந்து நின்றால் ஆமை மேலே ஏறாமல் கம்பியில் அழுந்தி நிற்கும். ரொம்பப் படுத்திருந்தால் இறால் வாயில் வழியாகவே கழிந்துவிடும், உடனே "டெட்டால நட்டம்" என்று அவிழ்த்து எறிவார்கள். சட்டத்தின் எடைக்குத் தகுந்த மிதவை ரெண்டு பக்கமும் கட்டாவிட்டால் மடி அடியில் உராய்ந்து கிழியும். வெள்ளம் வந்த மறுவாரம் கீற்று, பாலித்தீன், சாக்கு எல்லாம் கம்பியில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு இழுப்புக்கும் தட்டி எடுக்கணும். வின்ச்சில் ஏற்றும்போது சட்டம் கோணினால் நிமிர்த்தித்தான் மறுபடி இறக்கணும். கடைசியாக, சோதனைக்காரர் போன பிறகு வாயில் மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுகிற வேலை. அதற்கு எந்த அளவும் மருந்து இல்லை.

போட்_ஓனர்_சூலூர்ப்பேட்டை:

மேஸ்திரி, இறால் போகிறது என்பது பொய் இல்லை. வீட்டில் உட்கார்ந்து சொல்பவர்களுக்கு டீசல் விலை தெரியாது.

மடிமேஸ்திரி:

அண்ணே, போகவில்லை என்று நான் சொல்லவில்லை. சரியாகக் கட்டின டெட்டில் சோதனை ஓட்டங்களில் இறால் இழப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழ், மீன் இழப்பு 3 சதவீதத்தை ஒட்டி. கோணலாகக் கட்டினதில் எவ்வளவு போனாலும் ஆச்சரியம் இல்லை. இன்னொரு கணக்கும் போடுங்கள். 35, 40 கிலோ ஆமை ஒன்று வால்பையில் விழுந்தால் இறால் நசுங்கி இரண்டாந்தரமாகும், கண்ணியும் அறும். கல்லும் கட்டையும்கூட டெட் வாயிலிலேயே வெளியே போய்விடுகிறது. அது போக, கடலில் பிடித்த நம் இறாலை அமெரிக்கா வாங்காததற்குக் காரணமே இந்த ஆமைதான். 1998-இல் உலக வர்த்தக அமைப்பு வரைக்கும் போய் இந்தியா வழக்காடினதும் இதற்காகத்தான்.

தடாக்கரை:

மேஸ்திரி அண்ணா, எங்கள் பக்கம் விசைப்படகு குறைவு. ஃபைபர் போட்டும் நைலான் வலையும்தான். எங்கள் வலையிலும் ஆமை விழுகிறதே?

மடிமேஸ்திரி:

விழும். பெரிய கண்ணி வைத்த திருக்கை வலையை அடியில் ராத்திரி முழுக்க விட்டுவைப்பதுதான் அதில் மோசம். தை, மாசி, பங்குனி மூணு மாசம் அந்த வலையைக் கரையை ஒட்டி இறக்காமல் இருப்பது நல்லது. இறக்கினால் ரெண்டு மணிக்கு ஒரு தடவை பார்க்கணும். பாடு முறையில் யார் எங்கே எந்த வலை இறக்குவது என்று ஏரிக்குள் ஊரே பேசி முடிவெடுக்கிற வழக்கம் பழவேற்காட்டில் இருக்கிறது. கடல் பக்கமும் அந்த மாதிரி ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்தால் அரசு ஆணையைவிட நிற்கும்.

வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்தது என்று தூக்கிப் போடாதீர்கள். நிறைய ஆமை மயங்கித்தான் கிடக்கும். கடலில் போட்டால் அப்படியே மூழ்கிச் சாகும். கண்ணின் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள், வாலைக் கிள்ளிப் பாருங்கள். வயிறு கீழாகவே படுக்கவைத்து, பின்பக்கத்தைச் சுருட்டின வலை மேல் ஒரு சாண் தூக்கி வையுங்கள், நுரையீரல் தண்ணி வடியட்டும். மல்லாத்தக் கூடாது, நெஞ்சை அழுத்தக் கூடாது, வாயில் குழாய் விடக் கூடாது. ஈரச் சாக்கு போட்டு நிழலில் வைத்துக்கொள்ளுங்கள், மூக்கை மூடாமல். சில ஆமை 4 மணி நேரத்தில் எழும், சிலதுக்கு ஒரு நாள்கூட ஆகும். எழுந்து துடுப்படித்த பிறகு, என்ஜினை நிறுத்திவிட்டு, வலை இல்லாத பக்கம் தலை முதலில் இறக்குங்கள். சுற்றின கயிறு சதைக்குள் அறுத்துப் போயிருந்தால் அறுப்பதைக் கரையில் மருத்துவரிடம் விடுங்கள்.

எண்ணூர்க்கழி:

விளக்கு பற்றி யாரும் சொல்லவில்லையே. குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சமான அடிவானம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடல். நம் ஊரில் அது டீக்கடை. நீலமும் வெள்ளையும்தான் அதிகம் இழுக்கும். வெள்ளை எல்.இ.டி. மாட்டினதிலிருந்து பல கரையில் இது கூடிவிட்டது. மின்வாரியத்திடம் கேட்கும்போது "விளக்கை எடுங்கள்" என்றால் நடக்காது, ஊர்ப் பெண்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் கேட்பது நியாயம். கடல் பக்கம் தகர மறைப்பு, கம்பத்தில் உயரம் குறைப்பு, செம்மஞ்சள் பல்பு, இந்த மூன்றைக் கேளுங்கள். கூடு பொரியும் மாதங்கள் மாசி முதல் வைகாசி வரை, ராத்திரி 11 மணிக்கு மேல் கரையோரக் கம்பங்களை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். தெற்கே துறைமுக வெளிச்சம் வானத்தையே வெளுக்கிறது. அதை உங்களால் அணைக்க முடியாது. அதனால் அந்தப் பக்கக் கூடுகளுக்கு, நிலத்துப் பக்கமாக முட்டி உயரத்தில் கறுப்பு நிழல்வலையை அரைவட்டமாகக் கட்டி கடல் பக்கம் மட்டும் திறந்து விடுங்கள். 45-ஆம் நாள் கட்டினால் போதும், 60 நாளுக்குள் பொரிந்துவிடும்.

குப்பைக்கு வந்தால் எனக்கு ஸ்ட்ராவைவிட அறுந்த நைலான் வலைதான் பயம். கரையில் கிழிந்த வலையை மணலில் விட்டால் முட்டையிட வரும் ஆமை துடுப்பில் சுற்றிக்கொள்ளும். ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பீப்பாய், "வலை மட்டும்" என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வையுங்கள். நிரம்பினால் பழைய வலை எடுக்கும் வியாபாரி எடைக்கு எடுத்துக்கொள்வார். நைலானுக்கு விலை உண்டு, தெர்மாகோல் மிதவைக்கு இல்லை. அதுதான் கரையிலேயே பொடியாகிக் கிடக்கிறது.

ஈரமணல்:

எண்ணூர்க்கழி சொன்னதோடு ஒன்று. பொரிந்த குஞ்சைப் பள்ளிக்கூடம் வரட்டும், விருந்தாளி வரட்டும் என்று தொட்டித் தண்ணீரில் விடியும் வரை வைக்காதீர்கள். முதல் நாள் முழுக்க நிற்காமல் நீந்தி ஆழத்துக்குப் போகத்தான் அதற்கு அந்த மஞ்சள்கரு மிச்சம் இருக்கிறது. தொட்டியில் அதைச் செலவழித்துவிட்டால் கடலில் அலைக்கு முன்னாலேயே மீனுக்கு இரை. ராத்திரியிலேயே, அலையிலிருந்து பத்தடி தள்ளி மணலில் விட்டு, தானாக நடந்து போக விடுங்கள். தினமும் ஒரே இடத்தில் விட்டால் மீன்களும் அங்கேயே காத்திருக்கும்.

வனக்காவல்_ஓய்வு:

மூன்றாவது கேள்வி பாக்கி. ஆந்திராவா தமிழ்நாடா என்றால், மாசத்தைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவத்தில், தை தொடக்கம் வரை, இந்தக் கரை ஓட்டம் வடக்கிலிருந்து தெற்கே. மாசிக்குப் பிறகு திரும்பித் தெற்கிலிருந்து வடக்கே. செத்த ஆமை முதலில் மூழ்கி, சில நாள் கழித்து வயிறு ஊதித்தான் மிதக்கும். அதனால் ஒதுங்கின இடம் செத்த இடம் இல்லை. ஜனவரியில் ஒதுங்கினது வடக்கே செத்திருக்க வாய்ப்பு அதிகம், மார்ச்சில் ஒதுங்கினது தெற்கே. காற்றும் இதைக் கலைக்கும். ரெண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதில் பாதி உண்மை இருக்கிறது, மாசம் மட்டும் மாறுகிறது.

ஒவ்வொன்றுக்கும் எழுதி வையுங்கள்: தேதி, ஜி.பி.எஸ். புள்ளி, ஓட்டின் மேல் வளைவாக டேப் வைத்த நீளம், எவ்வளவு அழுகியிருக்கிறது, வால். ஓட்டைத் தாண்டி வால் நீளமாக வெளியே வந்தால் ஆண். துடுப்பில் உலோக வில்லை இருந்தால் எண்ணைப் படம் எடுங்கள். புதிதாகச் செத்தது என்றால் புதைக்காமல் சரகரைக் கூப்பிடுங்கள், பிரேதப் பரிசோதனையில் மூச்சுக்குழலில் நுரை இருக்கிறதா என்று பார்த்தால் மூழ்கினதா என்று சொல்லிவிடுவார்கள். மீதியை ஓட்டில் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டு, இல்லையென்றால் நாளைக்கு இன்னொருத்தர் மறுபடி எண்ணுவார், கூடுகள் இல்லாத மேட்டில் ஆளுயரத்துக்குப் பக்கமாக ஆழம் தோண்டிப் புதையுங்கள். நாய் தோண்டிப் பழகினால் அடுத்து முட்டைக்குத்தான் வரும்.

தடாக்கரை:

எல்லாருக்கும் நன்றி. மனு ரெண்டு பக்கமும் எழுதுகிறோம். ஒரே ஒரு சின்னச் சந்தேகம்: நடக்கும்போது மொபைல் டார்ச் பரவாயில்லையா?

ஈரமணல்:

வேண்டாம். சிவப்பு செலோஃபேன் தாள் ரெண்டு மடிப்பு ஒட்டின சின்ன டார்ச், அதுவும் தரையைப் பார்த்து. நிலா இருந்தால் அதுவும் தேவையில்லை. ஈரமணலில் முக்கால் மீட்டர் அகலத்துக்கு, இடது வலது மாறி மாறித் துடுப்பு பதிந்த தடம் கண்ணுக்கே தெரியும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிந்து, தடம் ஒரு மீட்டர் அகலமாக இருந்தால் அது பங்குனி ஆமை இல்லை, பேராமை (பச்சைக் கடலாமை). உடனே சரகருக்குச் சொல்லுங்கள், கூட்டில் கை வைக்காதீர்கள். அது தோண்டும் ஆழமும் வேறு.